கப்பியா, குழாயா? ஊருக்குத் திரும்பும் அண்ணனுக்கு ஒரு கணக்கு

போன மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். இருபத்துமூன்று வருடம் போதும், ஊருக்கே வந்துவிடப் போகிறேன் என்றார். அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். அடுத்து அவர் சொன்னதில்தான் வீட்டில் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது.

"மக்கா, இனி நான் யாருகிட்டயும் கை நீட்டமாட்டேன். அரசாங்கத்துக்கிட்டயும்தான். தண்ணிக்கு என் போர், கரண்டுக்கு என் சோலார், வருமானத்துக்கு என் விளை, ஆஸ்பத்திரிக்கு என் பைசா. ஒரு ஆபீஸ் படியும் ஏறாம காலம் கழிக்கணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். அவர் கட்சி நேர் எதிர். பெட்ரோல் போடும்போது வரி, சோப்பு வாங்கும்போது வரி. அப்படியிருக்க அரசாங்கம் கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் என்ன கூச்சம், கையில் இருக்கும் காசைப் போரிலும் சோலாரிலும் கொட்டாமல் பேங்கில் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமே என்பார். அம்மா மட்டும் சம்பந்தமில்லாத மாதிரி ஒன்று சொன்னாள்: "மொதல்ல அந்தக் கிணத்துல ஒரு கப்பி மாட்டச் சொல்லு."

கணக்குப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. எட்டு வருடம் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊரில் யார் எந்தச் சலுகைக்கு மனுப்போட்டார்கள், யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தவள் நான். அண்ணனுக்கு வயது 52, சர்க்கரை உண்டு. மைனிக்கு (அண்ணிக்கு) 47. பையன் கல்லூரியில் இரண்டாம் வருடம். அம்மாவுக்கு 72. கையில் ஏறத்தாழ முப்பது லட்சம், ஓட்டு வீடு, ஐம்பது சென்ட் ரப்பர் விளை (தோட்டம்). இதை வைத்துக்கொண்டு எதற்குத் தன் கையை நம்புவது, எதற்கு அரசாங்கத்தை நம்புவது? மொத்தமாகப் பதில் சொல்ல முடியாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

தண்ணீர்

குமரி மாவட்டத்தில் கிணறு இல்லாத பழைய வீடு அபூர்வம். எங்கள் கிணறு திருவட்டாறு பக்கத்தில், மாத்தூர் தொட்டிப்பாலத்திலிருந்து அதிக தூரமில்லை. தாத்தா வெட்டியது. "இது நம்ம தண்ணி, இதுக்கு யாருகிட்டயும் கேக்கவேண்டாம்" என்பது அண்ணன் வாதத்தின் அஸ்திவாரம்.

ஆனால் அந்தக் கிணற்றில் மாசிக்கு அப்புறம் தண்ணீர் ஏன் இறங்குகிறது, ஆனி பிறந்ததும் ஏன் ஏறுகிறது என்று யோசித்தால் கதை மாறுகிறது. கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுப்பு முடிந்ததும் பேச்சிப்பாறை அணையை அடைப்பார்கள். கன்னிப்பூவுக்காக (முதல் போகத்துக்காக) ஜூனில் திறப்பார்கள். சானலில் (பாசனக் கால்வாயில்) தண்ணீர் வந்த சில நாளில் எங்கள் கிணற்றில் ஊற்று தெரியும். மழையும் சேர்ந்துதான் என்றாலும், மழை பிந்திய வருடங்களில்கூடச் சானல் வந்ததும் கிணறு ஏறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் அரசு 1897-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. பட்டணங்கால் சானலின் தண்ணீரைப் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தாண்ட வைக்கும் மாத்தூர் தொட்டிப்பாலம் 1966-இல் வந்தது. ஆக, தாத்தா தன் கையால் வெட்டிய கிணறும் ஒரு மகாராஜாவின் அணையிலும் காமராஜர் முயற்சியில் வந்த தொட்டிப்பாலத்திலும்தான் பாதி தொங்கிக்கொண்டிருக்கிறது. அண்ணனிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதெல்லாம் அந்தக் காலத்து அரசாங்கம்" என்றார். சரி.

குழாய்ப் பக்கம் வருவோம். 2019 ஆகஸ்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு, ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் வீட்டுக்கு 275 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்கத் தாராளம். துணி துவைத்து, மாட்டுக்கும் காட்டி, வாழைக்கும் விட வேண்டுமென்றால் போதாது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எல்லா நாளும் வருவதில்லை. ஆனால் பங்குனி, சித்திரையில் கிணற்றில் சேறு தெரியும்போது அதே குழாயடியில்தான் எல்லாரும் குடத்தோடு நிற்கிறோம்.

அண்ணன் சொல்லும் போர்வெல்லுக்கு எங்களுக்குக் கிடைத்த மதிப்பீடு மோட்டாரோடு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. கீழே பாறை. தண்ணீர் கிடைக்கும் என்று போர்க்காரர் எழுதித் தரமாட்டார். பக்கத்துப் பறம்பில் இரண்டு இடத்தில் போட்டு இரண்டும் பொய்த்துப்போனது ஊருக்கே தெரியும். அதே பணத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் கிணற்றைத் தூர்வாரி, கூரைத் தண்ணீரை வடிகட்டிக் கிணற்றுக்குள் விடலாம். மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இலேயே கட்டாயமானது. எங்கள் வீட்டிலும் அப்போது ஒரு குழாய் வைத்தார்கள், இப்போது அதில் குளவிக்கூடு. வருடத்துக்கு இரண்டு பருவமழை பெறுகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு கூரைத் தண்ணீரை ஓடையில் விட்டுவிட்டுப் பாறையைத் துளைக்கப் போவதைத் தன்னிறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது அம்மாவின் கப்பி. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். காலையில் விழித்தபோது விளையில் பாதி ரப்பர் மரம் முறிந்து கிடந்தது, வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. போஸ்டுகள் சாய்ந்து எங்கள் பக்கம் கரண்டு வர பன்னிரண்டு நாள் ஆயிற்று. கரண்டு இல்லாமல் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் இல்லை. கிணறு நிறையத் தண்ணீர், ஆனால் மோட்டார் ஓடாது. மோட்டார் வாங்கிய வருடமே கப்பியைக் கழற்றிப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டிருந்தோம். மூன்றாவது வீட்டுப் பாட்டி மட்டும் மோட்டார் வைத்த பிறகும் கப்பியையும் கயிற்றையும் விடவில்லை. பன்னிரண்டு நாளும் பதினொரு வீட்டுக்கு அந்தக் கிணறுதான் தண்ணீர் கொடுத்தது. அரசாங்கத்தை நம்பியவனும் தன் மோட்டாரை நம்பியவனும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

கிணறு என்றதும் நினைவுக்கு வரும் இன்னொன்று, சாமித்தோப்பு முத்திரிக் கிணறு. பொதுக் கிணற்றில் நீரெடுக்கச் சாதி தடையாக இருந்த திருவிதாங்கூரில், எல்லாச் சாதிக்கும் பொதுவாக அய்யா வைகுண்டர் காலத்தில் வெட்டியது. அரசு எதிராக இருந்தபோது ஜனங்கள் தாங்களே செய்துகொண்டதற்கு நம் மாவட்டத்தில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஆனால் அது யாரோ ஒருவர் தன் வீட்டுக்கென்று வெட்டிய கிணறு இல்லையே. அண்ணன் சொல்லும் "தன் கை" வேறு, அது வேறு.

கரண்டு

இதில் அண்ணன் பக்கம் நியாயம் கூடுதல் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் வைத்தால் 78,000 ரூபாய் மானியம். (கை நீட்டமாட்டேன் என்றவர் இந்த மானியத்தை மட்டும் மனப்பாடமாகச் சொன்னார் என்பதைச் சும்மா குறித்து வைக்கிறேன்.) ஒரு கிலோவாட்டுக்கு நல்ல வெயிலில் நாளுக்கு நாலு யூனிட் கிடைக்கலாம். ஆனால் இது குமரி. ஜூன், ஜூலையில் ஒரு மூடல், அக்டோபர், நவம்பரில் இன்னொரு மூடல்.

ஆனால் அவர் கவனிக்காத விஷயம் வேறு. மானியத்தில் பெரும்பாலும் பொருத்துவது லைனோடு இணைந்த சோலார். லைனில் கரண்டு போனால் இந்த இன்வெர்ட்டர் தானாக அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவர் மேல் நம் வீட்டுக் கரண்டு பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதாவது ஒக்கி மாதிரி ஒரு நாளில், சூரியன் சுட்டெரித்தாலும் கூரையில் மூன்று கிலோவாட் வெறுமனே கிடக்கும். அந்த நாளுக்கும் கரண்டு வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வேண்டும். விலை எங்கேயோ போகும், சில வருடத்தில் பேட்டரியும் மாற்ற வேண்டும்.

மறுபக்கம், தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 2016-இலிருந்து. ஏ.சி. இல்லாத எங்கள் மாதிரி வீட்டுக்கு பில் பெரிதாக வருவதில்லை. மஸ்கட்டில் இருந்து பழகிய அண்ணன் ஏ.சி. போடுவார், அப்போது கணக்கு மாறும். என் தீர்ப்பு: முதல் ஒரு வருடம் பில்லைப் பார்த்துவிட்டு சோலார் பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் இரண்டு லைட், ஒரு ஃபேன், போன் சார்ஜ் ஓடுகிற மாதிரி சின்ன இன்வெர்ட்டரும் பேட்டரியும் போதும். ஆரல்வாய்மொழியில் ராட்சதக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, நாம் மெழுகுவர்த்தி தேடுகிறோமே என்ற வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. அதற்கு மருந்து கூரையில் இல்லை.

ரேஷன்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்குச் சம்பா அரிசிதான். ரேஷன் அரிசி தோசை மாவுக்கும் கோழிக்கும் போகும். அண்ணன் வாங்காவிட்டாலும் பட்டினி கிடையாது. ஆனால் கார்டு வேண்டும். இந்த மாநிலத்தில் அரிசியைவிட அந்தக் கார்டுக்குத்தான் வேலை அதிகம் என்று எட்டு வருடம் ஸ்கேன் செய்த கை சொல்கிறது.

நோய்

இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். அண்ணனின் "என் பைசா" இங்கேதான் உடையும்.

முப்பது லட்சம் பெரிய தொகை மாதிரி தெரியும். ஒரு பைபாஸ், ஒரு கிட்னி, கொஞ்ச நாள் ஐ.சி.யூ. என்று வந்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதை எங்கள் சித்தப்பா வீட்டில் பார்த்தோம். விளை போனது, மகளுக்கு வைத்திருந்த நகை போனது, கடைசியில் ஆளும் போனார். சேமிப்பை மட்டும் நம்பி நோயோடு மோதுவது ஒற்றைக் கயிற்றில் கிணற்றுக்குள் இறங்குவது போல.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அண்ணனுக்கு அது பொருந்தாது. "வருமானத்தக் கொறச்சுக் காட்டி எழுதி வாங்கிரலாம்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அந்த வேலைக்கு நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்படி எழுதி வாங்கிய அட்டையோடு ஆஸ்பத்திரி கவுண்டரில் திணறிய முகங்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு நிலைமை வேறு. 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் 5 லட்சம் வரை காப்பீடு என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. அம்மாவுக்கு அந்த அட்டை எடுத்தாயிற்று. மகன் கை நீட்டாவிட்டாலும் அம்மா நீட்டிவிட்டாள், அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அண்ணனுக்கும் மைனிக்கும் தனியார் காப்பீடுதான் வழி. சர்க்கரையை மறைக்காமல் எழுத வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று வருடம். இப்போதே எடுத்தால் 55-இல் அந்தக் கண்டம் தாண்டிவிடும், 55-இல் எடுக்கப் போனால் 58 ஆகும். 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பது சின்ன ஆறுதல். பிரீமியம் வயதோடு ஏறும், அதற்கு ஆறுதல் கிடையாது.

அப்புறம் அன்றாட மாத்திரை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்த 2021-இலிருந்து எங்கள் தெருவில் பல வீட்டுக்கு மாத்திரை கையிலேயே வந்து சேர்கிறது. இதில் அண்ணன் கடையில் வாங்கினாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் பெரிய விபத்து என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஒன்று இருக்கிறது என்ற தைரியம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. அதைத் தனியாளாக யாரும் கட்டிக்கொள்ள முடியாது.

மாத வருமானம்

அண்ணன் நம்புவது ரப்பரை. ஐம்பது சென்டில் நூறு மரம் நின்றால் அதிகம். ஒக்கிக்கு அப்புறம் வைத்த கன்றுகள் இப்போதுதான் பால் வெட்டும் பருவத்துக்கு வந்திருக்கின்றன. நன்றாகப் பார்த்துக்கொண்டால் வருடம் முந்நூறு கிலோ ஷீட். கிலோ இருநூறு என்று வைத்தால் அறுபதாயிரம். வெட்டுக்கூலி, ஆசிட், மழைக்குப் பிளாஸ்டிக் கட்டுவது எல்லாம் போக மாதம் மூவாயிரம் நின்றால் அதிர்ஷ்டம். அவரே வெட்டுவாரா? அதிகாலையில் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு நூறு மரம் சுற்ற 52 வயது சர்க்கரைக்காரரால் முடியுமா என்று மைனிதான் கேட்டாள்.

அதோடு, இந்த ரப்பர் யார் கையில் இருக்கிறது? 2011-இல் கிலோ 240 ரூபாயைத் தொட்டது. 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே விழுந்தது. எங்கள் ஊரில் அப்போது வெட்டுக்கூலிக்குக் கட்டாமல் மரத்தை அப்படியே விட்டவர்கள் உண்டு. 2024 ஆகஸ்டில் மறுபடியும் 240-ஐத் தாண்டியது. தாய்லாந்தில் மழை, சீனாவில் டயர் கம்பெனி, டெல்லியில் இறக்குமதி வரி, இதெல்லாம் சேர்ந்துதான் எங்கள் சிரட்டையில் விழும் பாலுக்கு விலை வைக்கிறது. அரசாங்கத்தை நம்பாமல் ரப்பரை நம்புவது, தெரிந்த ஒருவரை விட்டுவிட்டுத் தெரியாத பத்துப் பேரை நம்புவது.

அப்பாவின் தேன் பெட்டி கதையை அண்ணன் மறந்திருக்க முடியாது. முப்பது பெட்டி வைத்திருந்தார். தைக்குப் பிறகு ரப்பர் இலை தளிர்க்கும்போது தேன் பொங்கும்; அந்தக் காசில்தான் எங்கள் பள்ளிக்கூடத்துச் செலவு. 1991, 92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் வந்து தென்னாட்டுத் தேனீக்களை வாரிக்கொண்டு போனது. ஒரே சீசனில் முப்பது பெட்டியும் காலி. அப்பா யாருக்கும் கடன்படாதவர், ஒரு சலுகையும் வாங்காதவர். ஒரு புழுவின் நோய்க்கு முன்னால் அந்தப் பெருமை நிற்கவில்லை. மறுபடி இரண்டு பெட்டி எங்கிருந்து வந்தது தெரியுமா? பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு நண்பரிடம் பிழைத்திருந்த கூட்டங்களைப் பிரித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

தேன் பெட்டியே நம் ஊருக்கு எப்படி வந்தது என்பதும் இந்த விவாதத்துக்குத் தேவையானது. மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் 1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் நடத்திய கிராம மறுசீரமைப்பு மையத்தின் கொள்கை, மக்கள் தங்களுக்குத் தாங்களே உதவிக்கொள்ள வேண்டும், விஷயம் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்து வழிசொல்ல வேண்டும் என்பது. இரண்டும் சேர்ந்துதான் அந்த வாக்கியம். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் அண்ணன் மாதிரி ஆகிவிடும். அங்கே தேனீ, கோழி எல்லாம் கற்றுக்கொடுத்து, சேர்ந்து விற்கக் கூட்டுறவும் வளர்ந்தது.

எனவே மாத வருமானத்துக்கு என் கணக்கு இது. தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்காக 15 லட்சம் வரை போடலாம். நான் பார்த்தபோது வட்டி 7.4 சதவீதம், மாதம் 9,250 ரூபாய். ரப்பரின் மூன்று மடங்கு, நெற்றி லைட் வேண்டாம். அண்ணன் இதற்கு, "அதுவும் அரசாங்கம்தானே" என்றார். ஆமாம், அதுவும் அரசாங்கம்தான். "மாசம் ரெண்டு வட்டி தர்ற பைனான்ஸ்" ஒன்றில் போட்ட எங்கள் மாமா, இன்றைக்கும் வக்கீல் வீட்டுக்கு நடக்கிறார். மூடிய கடை வாசலில் நின்றபோது அவருக்கும் கடைசியில் அரசாங்கத்தின் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

முதியோர் பென்ஷன் 2023-இல் மாதம் 1,200 ஆனது. ஆதரவற்றவர்களுக்கான அதை அண்ணன் நினைத்துப் பார்க்கவும் வேண்டாம். மைனி மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் கிடைக்குமா என்று கேட்டாள். குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் கூடாது, கார் கூடாது. அண்ணன் கார் வாங்குவது உறுதி. விட்டுவிடலாம்.

என் வீட்டுக்காரர் கட்சிக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக் கடனைத் தள்ளுபடி செய்தார்கள். அதற்கு முந்தின மாதம் கடன் வாங்கி அசலும் வட்டியும் கட்டி நகையை மீட்டவர் என் வீட்டுக்காரர். இன்றுவரை புலம்பல். அன்றிலிருந்து, எதைக் கட்டுவதாக இருந்தாலும் "எலெக்சன் வரட்டும்" என்கிறார். காத்திருந்த இரண்டு பேருக்கு நிபந்தனையில் அடிபட்டுத் தள்ளுபடி கிடைக்காமல் வட்டி ஏறியதும் அதே தெருவில்தான் நடந்தது. வரும் என்று காத்திருப்பதற்கும் விலை இருக்கிறது.

யாருடைய கைக்கும் எட்டாதது

ஒக்கியில் எங்களுக்கு மரம் போனது. கடற்கரையில் ஆள் போனது. என்கூடப் படித்த ஒருத்தியின் வீடு தூத்தூர் பக்கம். அவள் சொல்வாள், "எங்க ஆளுங்களவிடத் தன் கைய நம்புறவங்க உண்டா? போட் சொந்தம், வலை சொந்தம், திசை சொந்தம்." வாரக்கணக்கில் ஆழ்கடலில் சுறாவுக்குப் போகிறவர்கள். ஆனால் எச்சரிக்கை அவர்கள் இருந்த தூரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தேட ஹெலிகாப்டரும் கப்பலும் வேண்டியிருந்தது. அது யார் வீட்டிலும் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தது அதைக் கேட்டுத்தான். அதைக் கை நீட்டுவது என்று நான் சொல்லமாட்டேன். தன் பங்கைக் கேட்டார்கள்.

காணாமல் போனவரைச் சட்டம் இறந்தவராகக் கருத ஏழு வருடம் ஆகும். அதுவரை பேங்க் கணக்கு, இன்சூரன்ஸ், நிவாரணம் எதுவும் நகராது. ஒக்கியில் திரும்பாதவர்களுக்கு அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, 20 லட்சம் நிவாரணமும் அறிவித்தது. எவ்வளவு சேமிப்பு வைத்திருந்தாலும் அந்த ஏழு வருடத்தை ஒரு குடும்பம் தானாகக் குறைத்துக்கொள்ள முடியாது.

இதையெல்லாம் எழுதி வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. தன் கை உடனே வரும், ஆனால் கொஞ்சம்தான் தூக்கும். பக்கத்து வீடு ஒரு மணி நேரத்தில் வரும், கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும். அரசாங்கம் வர நாளாகும், சில சமயம் மாதமாகும், ஆனால் மற்ற இரண்டும் தூக்க முடியாததைத் தூக்கும். எனவே அண்ணனுக்கான கேள்வி, அடி எவ்வளவு பெரியது, எத்தனை நாள் தாங்க வேண்டும் என்பது. முதல் பதினைந்து நாளுக்கு வேண்டியதைத் தானே வைத்துக்கொள்ள வேண்டும்: தண்ணீர், வெளிச்சம், மாத்திரை, கையில் ரொக்கம். ஒக்கியில் ஏ.டி.எம். வேலை செய்யவில்லை. அதைத் தாண்டிய பெரிய அடிக்குக் காப்பீடும் அரசாங்கமும். நடுவில் இருக்கிற நாட்களுக்கு மூன்றாவது வீட்டுப் பாட்டி. பாட்டி இப்போது இல்லை, ஆனால் அந்தக் கப்பியை அவள் மருமகள் இன்னும் கழற்றவில்லை.

படி ஏறாமல் முடியுமா

அண்ணனின் கடைசி ஆசை, ஆபீஸ் படி ஏறாமல் வாழ்வது. இ-சேவை மையத்தில் நான் கற்றுக்கொண்டது இதற்கு நேர் எதிரானது. அரசாங்கத்திடம் அதிகம் பெற்றவர்கள் பெரும்பாலும் சொந்தக் காலில் நின்றவர்கள்தான். ஆதாரில் பெயர் சரி, கார்டில் பெயர் சரி, பட்டா தன் பெயரில், பேங்க் புக் கையில். உண்மையிலேயே உதவி தேவைப்பட்டவர்கள் ஒரு எழுத்துப் பிழையில் மூன்று தடவை திரும்பிப்போனார்கள். ஒரு சலுகையும் வேண்டாம் என்று இருப்பவருக்கும் காகிதம் சரியாக இருக்க வேண்டும்; தன் நிலத்தை விற்கவே அது வேண்டும். சூர்ய கர் மானியத்துக்குக் கரண்டு இணைப்பு அவர் பெயரில் இருக்க வேண்டும். புயலில் பயிர் போனால் நிவாரணத்துக்கு வி.ஏ.ஓ. எழுதும் அடங்கலில் (பயிர்க் கணக்கில்) பெயர் இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு அனுப்பிய கடைசிக் கணக்கு இப்படி முடிந்தது. போர் வேண்டாம், கிணற்றைத் தூர்வாரி, கூரைத் தண்ணீரை விட்டு, கப்பி மாட்டவும். குழாய் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம். சோலார் ஒரு வருடம் கழித்து. காப்பீடு வந்து இறங்கிய மாதமே. 15 லட்சம் தபால் நிலையத்தில், மூன்று லட்சம் உடனே எடுக்கிற மாதிரி பேங்கில், மீதி பையன் படிப்புக்கும் வீட்டுக்கூரைக்கும். ரப்பரை வருமானமாக நினைக்காமல் கைச்செலவாக நினைக்கவும். தேன் பெட்டி ஐந்து வைக்கலாம், அது என் சொந்த ஆசை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கப்பிக்குச் சம்மதம். தபால் நிலையத்துக்கு முணுமுணுப்போடு சம்மதம். சோலாரை விடவில்லை. "அப்போ எல்லாத்துக்கும் முன்னாடி விளைய என் பேருக்கு மாத்தணும், இல்லியா?" என்று கேட்டிருந்தார்.

ஆமாம். அந்த ஐம்பது சென்டின் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் கிடக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வேண்டும், பாகப்பிரிவினை எழுத வேண்டும், சட்டப்படி அம்மாவோடு எங்கள் மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். அக்காவுடையது கிடைத்துவிடும். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அதைப் பற்றி அண்ணன் இன்னும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.